அப்பா வகுப்பில் கேட்ட கேள்வி

எங்கள் அப்பா வலங்கைமானுக்குப் பக்கத்துச் சிற்றூரில், குத்தகைக்கு உழுத குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சி முடித்தார். அவருடைய நேர்மையைப் பற்றி இந்த நினைவு மலரில் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் இருவர், ஒரு காலத்தில் அப்பா வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு அப்பாதான் ஆங்கிலம். பாடப்புத்தகத்துப் பையன் காலையில் ரொட்டி தின்று மோட்டாரில் பள்ளிக்குப் போவான். அது நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று, அவரவர் வீட்டில் யார் எப்போது எழுந்திருக்கிறார், எப்போது சாப்பிடுகிறார், எப்போது வயலுக்குப் போகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்ல வைப்பார். நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன்.

அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு. ஆட்சி மாறியிருந்தது, பண்ணை மாறவில்லை. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், அடிதடியானது. என்னோடு படித்த மல்லிகாவின் அப்பா கூலிக்காரர்கள் பக்கம் முன்னால் நின்றவர், அவரைப் போலீஸ் தேடியது. வகுப்பில் அவள் முறை வந்தபோது, "மை ஃபாதர் கம்ஸ் ஹோம் அட் ஃபைவ். ஹி ஈட்ஸ். ஹி கோஸ்" என்றாள். பிழையில்லாமல் சொன்னாள் என்று அப்பா தட்டிக்கொடுத்தார். வேறெதையும் அவர் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, சோற்றில் கை வைத்தவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மல்லிகாவின் அம்மா அஞ்சலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு, எப்ப திங்கிறாருன்னு உங்களுக்கு எதுக்கு சார்? இது பாடமா, வேவா?"

"பாடந்தாம்மா. நான் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப யாரு சொன்னது?"

மல்லிகாவின் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். பண்ணைக்காரர்களோ, வாத்தியார் கூலிக்காரர்களின் சங்கத்துக்கு உளவு சொல்கிறார் என்று மேலே மனுப் போட்டார்கள். வீடு வீடாக நடந்து பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவர அப்பாவுக்கு ஒரு வருஷம் ஆனது. அதன்பின் ஓய்வு பெறும்வரை, காகம் காலையில் என்ன செய்யும், மன்னார்குடி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டுமே கேட்டார்.

அப்பாவும் சந்தேகப்பட்டார். வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பண்ணைக் கணக்கப்பிள்ளையின் மகளிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் பாவம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது சொல்லியிருப்பேன்.

மல்லிகா வகுப்பில் சொன்ன மறுநாள், பண்ணைக் காரியஸ்தர் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "வாத்தியார் பொண்ணாச்சே, எங்க, இங்கிலீஷ்ல பேசு பாப்போம்" என்றார். எங்கள் வீட்டுக் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. "இன்னும் சொல்லு பாப்பா" என்றார். மல்லிகா சொன்னதை அவள் பெயரோடு, பெருமையாக ஒப்பித்தேன்.

கடைசி ஆறு மாதம் அப்பா படுக்கையில் இருந்தார். பலமுறை வாய் வரை வந்தும் நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் முறை வைத்துத் துணை இருந்த சித்தப்பாக்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலர் அஞ்சலை அம்மாளின் வீட்டுக்கும் வருகிறது. அம்மா, இத்தனை வருஷமாக அப்பாவின் மேல் வைத்திருந்த சந்தேகத்தை எடுத்து என் மேல் வையுங்கள்.