கைலாசநாதனின் இழவு அத்தியாயம்

சிம்மக்கல் கைலாசநாதன் மானிடவியல் விரிவுரையாளர். மனிதர்களைப் பற்றிப் பாடம் எடுப்பார். மனிதர்கள் பக்கத்தில் வந்தால் மூக்கைச் சுளிப்பார். அப்படியொரு பிறவி! முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி: நாட்டுப்புறத்து இழவுச் சடங்குகள். அதை எழுதினால்தான் பதவி உயர்வு. ஆனால் இவரைச் சாவு வீட்டுக்குள் யார் விடுவார்கள்?

எழுபத்தெட்டாம் வருசம் அவர் துறையில் புது ஏற்பாடு வந்தது. எந்த ஊரைப் பற்றிப் படிக்கிறார்களோ அந்த ஊருக்கு மாணவர்கள் கொஞ்ச நாள் உழைத்துக் கொடுக்க வேண்டும். "மம்பட்டி பிடிக்கவா மானிடவியல் படிச்சோம்?" என்று கைலாசநாதன் எகிறினார். வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிள்ளைகள் வாய்க்கால் தூர் வார, துரை புளியமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு கூடை மண் தூக்கியிருப்பாரா? ம்ஹூம்.

முகாம் முடிகிற சமயத்தில், பிள்ளைகளோடு வாய்க்காலில் நின்று வேலை பார்த்த ஊர்க்காரர் உக்கிரபாண்டி திடீரென்று செத்துப்போனார். மாணவி ஸ்யாமளா ஒன்றும் கேட்காமல் குடத்தை எடுத்து, வந்த சனத்துக்குத் தண்ணீர் சுமந்தாள். கைலாசநாதனுக்கு எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அழுதுகொண்டிருந்த உக்கிரபாண்டியின் மனைவி முத்துத்தாயிடம் போய், ஒப்பாரியைக் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார். எழுதிக்கொள்ள வேண்டுமாம்! பேட்டி கொடுத்தவருக்கு நன்றி சொல்லி, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது அவர் வகுப்பில் போதிக்கும் விதி. அதன்படியே கைகூப்பி, "ரொம்ப நன்றிம்மா. போயிட்டு மறுபடி வாரேன்" என்றார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இந்த மேதாவிக்கு மறந்துபோயிற்று.

முத்துத்தாயின் தம்பி சங்கிலி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அடுத்து எங்க வீட்டுல எந்தச் சாவுக்கு வாரீக ஐயா?"

கருமாதிக்கு ஸ்யாமளாவுக்கு மட்டும் சொல்லியனுப்பினார்கள். வெட்கங்கெட்ட மனுசன், தானும் கூடவே போனார். அவரை டீக்கடை பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து திரும்பி, "உள்ள என்னம்மா செஞ்சாங்க? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

"எல்லாத்தையும் எனக்கு விளக்கிச் சொன்னாங்க சார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க."

"நான் உன் வாத்தியார்."

"ஆமா சார். ஆனா அந்த வீட்ல என்னை மகள்னு கூப்பிட்டாங்க."

கைலாசநாதன் விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார்.