பின்பக்கம் அச்சில்லாத நோட்டுகள்

அன்ரி அந்தப் பழைய பண நோட்டை என்னிடம் நீட்டினார். முன்பக்கம் வரிசையாகப் பூச்சியங்கள். திருப்பினால் ஒன்றுமே இல்லை, வெறும் பழுப்புக் காகிதம். பட்டப்பகலில், வேலையிடத்தின் கார் பார்க்கில், கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் காட்டினார். 2011ஆம் ஆண்டு அது. மல்கிரேவ் என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் பராமரிப்பு வேலை பார்த்தோம். நான் திருநெல்வேலிக்காரி, படிக்க வந்து அந்த வேலையில் ஒட்டிக்கொண்டவள். அவர் கிளிநொச்சியிலிருந்து படகில் வந்து விசா பெற்றவர், எங்களுக்கெல்லாம் 'அன்ரி'. வவுனியாவில் விட்டு வந்த மகளை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அவருடைய மூச்சே அந்த விண்ணப்பத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டுகளைக் கொடுத்தவர் அங்கிருந்த ஜெர்மன்காரப் பெரியவர். தொண்ணூற்றைந்தைத் தாண்டியவர், ஆங்கிலம் மறந்து, சின்ன வயது மொழிக்கே திரும்பிவிட்டிருந்தார். அன்ரி குளிப்பாட்டி முடித்ததும் பெரியவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அன்ரியின் சீருடைப் பையில் திணிப்பார். பிறகு 'ஷ்நெல், ஷ்நெல்' என்று அதட்டி வாசல் பக்கம் தள்ளுவார். வாங்க மறுத்தால் அழுவார். எனவே அன்ரி வாங்கிக்கொண்டார். அந்த வாரம் பெரியவரின் மகள் வந்து அப்பாவின் பழைய நோட்டுகள் குறைகின்றன என்று அலுவலகத்தில் புகார் சொல்ல, மேலாளர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். விலையுள்ள எதையும் வாங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. தான் வாங்கியதை அன்ரி மறைத்துவிட்டார்.

"பின்பக்கம் ஒண்டுமில்லை எல்லே பிள்ளை. சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டுக் காசெண்டு நினைச்சன். இப்ப பொலிஸ் வந்தால் மகளின்ர கேஸ் என்னவாகும்?" என்று காருக்குள் என்னிடம் கேட்டார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் விசாவில் வாழ்ந்தவர்கள் இல்லை போலும். அன்ரி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முதலில் இவை என்ன, என்ன பெறும் என்று தெரிந்துகொள்வோம் என்று நகரத்தில் பழைய நாணயங்கள் விற்கும் ஒரு கடைக்கு அவரை அழைத்துப் போனேன். பணத்துக்கு மதிப்பே இருக்கக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்த ஒரே மனுஷி அன்ரியாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறியைப் பார்த்தார். 1923இல் ஜெர்மனியில் அச்சடித்தவை என்றார். விலைவாசி மணிக்கு மணி ஏறியதால் பின்பக்கம் அச்சடிக்க அவகாசமில்லையாம். ஒன்றில் பழைய ஆயிரத்தின் மேலேயே சிவப்பு மையில் நூறு கோடி என்று குத்தியிருந்தது. மலைமலையாக அச்சடித்ததால் இன்று எங்கும் கிடைக்கும், ஒரு காப்பிக் காசு பெறும் என்றார். அன்ரிக்கு மூச்சு வந்தது. கடைசி நோட்டில் கடைக்காரர் நின்றுவிட்டார். அது ஒரு சிற்றூர் தானே வெளியிட்டது, அரிதானது என்று தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அன்ரி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. பிறகு கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். யாரோ இதைத் துவைத்துவிட்டார்கள், இனி இதற்கும் விலையில்லை என்றார். சீருடையோடு வாஷிங் மெஷினில் போட்டது அன்ரிதான். ஊரில் வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கிளம்பும்போது அந்த 'ஷ்நெல்' பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். சீக்கிரம் என்று அர்த்தமாம், அன்ரியின் ஊர்ப் பேச்சில் 'கெதியா'. அந்தக் காலத்தில் காலையில் வாங்கிய கூலிக்கு மாலையில் ரொட்டி கிடைக்காது. கூலி கைக்கு வந்ததும் கடைக்கு ஓடுவார்களாம். பெரியவர் அப்போது சிறுவனாக இருந்திருப்பார். ரயில் எங்கள் நிறுத்தமான டண்டினொங்கில் நின்றது. இறங்கும்போது அன்ரி சொன்னார்: "எங்கட சனமும் சண்டையின்ர கடைசியில அப்பிடித்தான் ஓடினது. ஒரு பைக்கற் பால்மாவுக்கு நான் காப்பைக் கழட்டிக் குடுத்தனான்."

மறுநாள் எல்லாவற்றையும் மேலாளரிடம் ஒப்படைத்தார். போலீஸ் வரவில்லை. பெரியவரின் மகள் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஆனால் இனி அந்த அறையிலிருந்து எதை வாங்கினாலும் வேலை போகும் என்று அன்ரியை எச்சரித்தார்கள்.

அடுத்த குளியல் நாளில் உதவிக்கு நானும் இருந்தேன். பெரியவர் இழுப்பறையைத் திறந்தார். காலி. அவர் முகத்தில் வந்த பயத்தை நான் அதற்குமுன் ஒரே ஒரு முகத்தில்தான் பார்த்திருந்தேன், அந்தக் கார் பார்க்கில். கூலி கொடுக்க வழியில்லாமல் அந்த மனுஷர் காலி இழுப்பறையைத் துழாவினார். பிறகு சாப்பாட்டுத் தட்டிலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து, மடித்து, அன்ரியிடம் நீட்டினார்.

கதவு திறந்தே இருந்தது. வெளியே மேலாளர் நின்றிருந்தார். அன்ரி அவரைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். காகிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "ஓம் ஐயா, கெதியாப் போறன்" என்று சொல்லிவிட்டு, மேலாளரைத் தாண்டி அந்த நீண்ட நடைபாதையில் ஓடத் தொடங்கினார்.