கண்ணாடி இல்லாத வண்டி

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத கலியபெருமாள் தன் நாய்க்காகக் கார் தேடுகிறார் என்ற செய்தி, 1957 தை மாதத்தில் சாரம் பேட்டை முழுக்கப் பரவியது. கேட்டவர்கள் சிரித்தார்கள். செய்தியில் பிழை ஏதும் இல்லை என்பதுதான் அவருக்குச் சங்கடம்.

பதினெட்டு வருஷம் ஒரே வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டியவர் அவர். முசே பெர்த்தியே என்ற அந்த எஞ்சினியர் கல்யாணம் ஆகாதவர். பிரெஞ்சு ஆட்சி போய் ஊர் கைமாறியதும் அவர் இனத்தார் பலர் கப்பல் ஏறினார்கள். முசே மட்டும், இந்த ஊர் வெயில் ஆகவில்லை, சோறு ஆகவில்லை, சனங்களும் ஆகவில்லை என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இங்கேயே தங்கிவிட்டார். 56 ஆனியில் ஒரு மத்தியானம் கனகசெட்டிக்குளத்துக் கடலில் குளிக்க இறங்கியவர், மூன்றாம் நாள்தான் கரைக்கு வந்தார்.

காரையும் நாற்காலிகளையும் முசேயின் தங்கை பாரீசிலிருந்தபடியே விற்றுவிட்டாள். அவர் நாய் சுல்தானை வாங்க ஆள் இல்லை. கன்றுக்குட்டி உயரம், கிழப்பருவம், பின்னங்கால் இரண்டும் பிடிப்பு. ஓட இடமுள்ள வெளியில் வைத்துக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, அந்தம்மாள் நாயையும் ஒரு தொகையையும் கலியபெருமாள் பேருக்கு எழுதி அனுப்பினாள். அவர் மனைவி தனக்கொடிக்குச் சேதராப்பட்டில் கொஞ்சம் கொல்லை நிலமும் ஒரு ஓட்டு வீடும் உண்டு. சாரத்து வீட்டுக்காரரோ, நாயா நீயா என்று கேட்டுக் கெடு வைத்துவிட்டார்.

போய்ச் சேருவதுதான் பாடாக இருந்தது. நாயால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பஸ் கண்டக்டர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு விசில் ஊதிப் புறப்பட்டுவிட்டான். மாட்டுவண்டி பிடித்தால், நாய் வாடை பட்ட மாடுகள் நுகத்தடியோடு தெருக்கோடிவரை ஓடின. போன பிறகு கொல்லையில் விளையும் மல்லாட்டைக் கடலை மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவரவும் ஒரு வண்டி வேண்டுமே.

"என்னக் கட்டிக்கிட்டு வந்தது கட்ட வண்டியில. நாய்க்குக் காரா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றாள் தனக்கொடி.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.

அந்த மத்தியானம் முசே கடலில் இறங்கினார். சுல்தான் கரையில் உட்கார்ந்தது. கலியபெருமாள் பனைமர நிழலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே கண்ணை மூடினார். மூன்று மணி இருக்கும். நாய் குரைத்தது. அது குரைக்காத நாளில்லை. நண்டைப் பார்த்தாலும் குரைக்கும். விடாமல் குரைத்தது. மணல் வேறு பறந்தது. கலியபெருமாள் கதவுக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். சத்தம் நின்றது. உண்மையில் நின்றது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். தூங்கிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று போலீசில் சொன்னார். அதைப் பிரெஞ்சில் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். இரண்டு பாஷையிலும் பொய்யாக இருந்த அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் தினமும் மூன்று மணிக்கு, சாரத்துச் சந்துக்குள் கட்டிப்போட்டிருந்தாலும், சுல்தான் கிழக்கே பார்த்துக் குரைக்கும். சில நாள் நாய் வாலைச் சுருட்டித் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அவருக்குக் கேட்கும். அதுதான் மோசம்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கார்களை வாங்கி விற்கும் சாமிக்கண்ணுவிடம் போனார். நாயும் கூடப் போயிற்று.

"அண்ணே, நாய்க்கு வண்டின்னா ரெண்டு சங்கதி. காலு புடிச்ச நாயி, ஏறுறதுக்குத் தாழ்வா இருக்கணும். உங்க சேதராப்பட்டு ஏரிக்கர ரோட்டுக்கு, அடி தட்டாம ஒசரமா இருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுல இருக்குமா?"

"இருந்துட்டா தரகன் எதுக்கு?"

முதலில் காட்டியது ஒரு ஜட்ஜ் ஓட்டிய கறுப்புக் கார். கதவைத் திறந்ததும் சுல்தான் யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. கார்கள் மீது அதற்கு எந்த வருத்தமும் இல்லை. கலியபெருமாள் இடப்பக்கம், ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். சாமிக்கண்ணு வெளியிலிருந்து கையை உள்ளே விட்டுக் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றினான்.

"மிச்சத்த நீங்க ஏத்துங்க. வெளிய தவுலு அடிச்சாலும் உள்ள கேக்காது."

ஏற்றினார். சாமிக்கண்ணு பேசிக்கொண்டே இருந்தான். வாய் திறந்தது, மூடியது, கையை ஆட்டினான், சத்தம் மட்டும் வரவில்லை. ஏழு மாதமல்ல, ஏழு நிமிஷம் முன்பு நடந்ததுபோல் இருந்தது அவருக்கு. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேணாம். நாய்க்குப் புடிக்கல."

"புடிக்கலயா? கொறட்ட வுடுதுண்ணே!"

அடுத்த வாரம் ஒரு டாக்டரின் கார். கண்ணாடியைத் தொடுவதே இல்லை என்ற தீர்மானத்தோடு ஏறி, வழுதாவூர் ரோடு வரை ஓட்டினார். எதிரே லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் கண்ணாடி ஏறியிருந்தது. அவர் கைதான் ஏற்றியிருந்தது, அவரைக் கேட்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம். கையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து சுல்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுவும் நாய்க்குப் புடிக்கலயா?" என்றான் சாமிக்கண்ணு.

"அதுக்கு மூச்சு முட்டுது."

கொட்டகை மூலையில், கோழி மேய்ந்துகொண்டிருந்த ஒரு பழைய ரொட்டிக்கடை மோட்டார் வண்டி நின்றது. பின்னால் சீட்டு கிடையாது, வெறும் தரை, கதவு தாழ்வு. முன்கதவு இரண்டிலும் கண்ணாடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. கலியபெருமாள் ஏறி உட்கார்ந்து, இடதுகையை அந்த ஓட்டைப் பக்கம் கொண்டுபோனார். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை.

"இது போதும்."

"அண்ணே, இத நான் காட்டவே இல்லியே! மழ வந்தா?"

"நனையறது."

"சரி, கண்ணாடி நானே போட்டுத் தரேன். காசு வேணாம்."

தொழிலுக்கு வந்த நாள் முதலாகச் சாமிக்கண்ணு இனாமாகக் கொடுக்க முன்வந்தது அதுதான் முதல் தடவை. "போடாத" என்று கலியபெருமாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தரகன் கோழியை விரட்டிவிட்டுச் சாவியை எடுத்து வந்தான்.

மாசியில் குடி போனார்கள். பின்னால் சட்டிபானைகளுக்கு நடுவே சுல்தான். வலப்பக்கம் மடியில் அரிக்கேன் விளக்கோடு தனக்கொடி. ஊசுட்டேரிக் கரையில் போகும்போது மூன்று மணி ஆயிற்று. நாய் எழுந்து நின்று குரைத்தது. கலியபெருமாள் வண்டியை நிறுத்தி இறங்கி, தண்ணீரோரம் போய் நின்று பார்த்தார். இரண்டு கொக்குகள், வேறொன்றும் இல்லை. நாய் நிறுத்துகிறவரை நின்றுவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

"என்னாங்க, நாயின்னா கொரைக்கும். அதுக்கு வண்டிய நிறுத்துவாங்களா?"

"கொரைச்சா எறங்கிப் பாக்கணும்."

"அப்படி என்னா சட்டம்?"

"அன்னிக்கும் கொரைச்சுது."

தனக்கொடி விளக்கைக் கீழே வைத்தாள். "தூங்கிட்டேன்னுதான எழுதிக் குடுத்தீங்க?"

"தூங்கல. கண்ணாடிய ஏத்திட்டேன்."

அவள் தன் பக்கத்து வெறும் சன்னலைப் பார்த்தாள். வீட்டு வாசலில் இறங்கியபோது நாய்க்குத்தான் முதலில் தண்ணீர் வைத்தாள்.

சுல்தான் அங்கே நாலு வருஷம் இருந்தது. எங்கே குரைத்தாலும் வண்டி நின்றது. அதில் ஏறினால் சந்தைக்கு எப்போது போய்ச் சேருவோம் என்பது தெரியாது என்று சேதராப்பட்டில் சொல்லிக்கொண்டார்கள். நனைந்துகொண்டு போவோம் என்பது மட்டும் நிச்சயம். 61இல் நாய் செத்தது. கொல்லை மேட்டில் புதைத்தார்கள். அதற்கப்புறம் ஏரிக்கரையில் வண்டியை மெதுவாக ஓட்டுவார், காது கொடுப்பார், ஒன்றும் கேட்காது. குரைப்பு கேட்டுக்கொண்டிருந்த வரை பயந்தவருக்கு, கேட்காமல் போனது அதைவிடப் பயமாக இருந்தது.

62 கார்த்திகையில் ஒரு நாள், சந்தையில் மூட்டையைப் போட்டுவிட்டு இருவரும் திரும்பினார்கள். அடைமழை. இரண்டு பக்கமும் சாரல் அடித்து உள்ளே குளம் கட்டியது. ஏரிக்கரையில் தனக்கொடி அவர் தோளைத் தொட்டாள்.

"நிறுத்துங்க."

"என்னா?"

"கொரைக்குது."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். நனைந்த காலிச் சாக்குகள் கிடந்தன. அவள் முகத்தில் கேலி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

வண்டியை நிறுத்தி மழையில் இறங்கினார். மறுபக்கக் கதவும் திறந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவளும் இறங்கி வந்து, பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.