ஐந்தருவி ஏற்றத்தில் அரிசி மூட்டைக்குப் பதிலாக நான்

ஈரச் சாக்கு வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் ஐந்தருவி ரோடுதான் ஞாபகம் வரும்...

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி தென்காசிக்கு வந்த புதிது. எங்க வீட்டுக்காரருக்கு ஓர் உரக்கடையில் கணக்கெழுதும் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு.

அம்மா மலைக்கு அந்தப் பக்கம், குளத்துப்புழையில் அக்கா வீட்டில் இருந்தாள். அந்த வருஷம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். போன கையோடு திரும்புகிற பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

ராத்தங்க என் மாமியார் விடமாட்டார். "போயிட்டு வா, யாரு வேண்டாம்னு சொல்லுதா? வெளக்கு வைக்க முன்னால வீட்டுல இருக்கணும்." அவ்வளவுதான் சட்டம்.

அம்மா பக்கத்தில் நிம்மதியாக உட்காரக்கூட முடியவில்லையே என்று ஒருநாள் நான் அழுத அழுகையில் இவர் அரண்டு போனார். "ஏட்டி, அழாத. பழைய பைக் ஒண்ணு பாப்போம்" என்றார்.

ஊருக்குள் சுற்ற எந்த வண்டியும் போதும். எங்களுக்கு வேண்டியது இரண்டு பேரைச் சுமந்து மலையேறி, அன்றைக்கே திரும்புகிற வண்டி. எங்க பக்கம் அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. பின்சீட்டில் அரிசி மூட்டையைக் கட்டி ஐந்தருவி ஏற்றத்தில் விடுவார்கள். நிற்காமல் ஏறினால் வாங்கலாம்.

இவர் முதலில் மயங்கியது குற்றாலத்துத் தரகர் ஒருவர் காட்டிய சிவப்பு வண்டியில். புதுப் பெயின்ட், கண்ணாடி மாதிரி மினுங்கும் டேங்க்... பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய மூட்டையைக் கட்டி முடிக்கவும் சாரல் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் குடையோடு ஓடி வந்தார். "மூட்டைய எறக்கும் அண்ணாச்சி! அரிசி நனைஞ்சா நீரா பொங்கித் திம்பீரு?"

சாக்கு பாதி நனைந்துவிட்டது. மூட்டை இறங்கியது.

"மூட்டை எதுக்கு? நம்ம வண்டி பஞ்சு மாரி ஏறும், நான் கேரண்டி" என்றார் தரகர். இவரும் தலையை ஆட்டுகிறார்! எனக்கு வந்ததே கோபம்...

"மூட்டைக்குப் பதிலா நான் உக்காருதேன். எடுங்க வண்டிய" என்றேன்.

"பொம்பளப்பிள்ள மழையில எதுக்கும்மா..."

"மலையேறப் போறது நான்தான?"

பாதி ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிட்டது சிவப்பு வண்டி. இவர் தள்ள, நான் நனைந்துகொண்டே பின்னால் நடந்தேன். "சாரல்ல பிளக் நனைஞ்சிருக்கும்" என்று வண்டிக்கு வக்காலத்து வேறு.

"அப்போ மலையில சாரலே அடிக்காதோ?" என்றேன்.

அடுத்த வாரம் கடையநல்லூரிலிருந்து காஜா பாய் தன் பழைய புல்லட்டைக் கொண்டு வந்தார். வளைகுடா வேலைக்குக் கிளம்புவதால் விற்கிறார். சீட் கிழிசல், டேங்க்கில் சாயம் போயிருந்தது. இவர் என் காதருகே, "எருமைமாடு மாரில்லா இருக்கு" என்றார்.

பாய்க்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். "பாக்க அப்படித்தான் இருக்கும். ஏறிப் பாருங்க தங்கச்சி."

கிக்கர் இவரை இரண்டு தரம் திருப்பி அடித்தது. அப்புறம் ஆரம்பித்தது... டுப் டுப் டுப். கீழேயிருந்து ஐந்தருவி வரைக்கும் ஒரே சத்தம், மூச்சு வாங்கவே இல்லை. மேலே இறங்கினதும் "இதான்" என்றேன். என்ன விலை என்று சொன்னால் இப்போது சிரிப்பீர்கள், விடுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது பாய் கேட்டார், "தூரமா எங்க போவீங்க?"

"குளத்துப்புழைக்கு. அம்மாவப் பாக்க."

டேங்க்கை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். "இந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தாத்தான் எங்க உம்மா தூங்குவாங்க. இனி உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்" என்றார்.

அந்த ஞாயிறு விடியவே கிளம்பினோம். செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு... வளைவுக்கு வளைவு மழை. அக்கா காலைப் பலகாரத்தை இறக்குவதற்குள் வாசலில் நின்றோம்.

"ரோட்டு வளைவுல சத்தம் கேட்டதுமே அம்மா வாசலைப் பாக்க ஆரம்பிச்சிட்டாட்டி" என்றாள் அக்கா. அம்மா ஒரு பக்க வாயால் சிரித்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்தேன், சோறு ஊட்டினேன், பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். விளக்கு வைக்குமுன் தென்காசி. மாமியார் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கேற்ற உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போனோம், அம்மா இருந்தவரைக்கும். பிறகு அந்தப் பாதையில் வேலையில்லை. வண்டியையும் கொடுத்துவிட்டோம்.

இப்போது மகன் சென்னையிலிருந்து காரில் வருகிறான். "லொகேஷன் அனுப்பிருக்கேம்மா, பாத்துக்கோ" என்பான். போனில் ஒரு நீலப்புள்ளி நகர்ந்து வரும். ராஜபாளையம் தாண்டிவிட்டான், கடையநல்லூர் தாண்டிவிட்டான்... எல்லாம் தெரியும். ஆனாலும் நான் டிவியை நிறுத்திவிடுவேன்.

"அதான் போன்ல காட்டுதே, டிவிய எதுக்குட்டி நிப்பாட்டுத?" என்பார் இவர்.

"சத்தம் கேக்குதான்னு பாக்குதேன்."

"அந்தக் கார்ல என்ன சத்தம் வரும்?"

வராதுதான். ஆனால் நாங்கள் போகாத ஞாயிறுகளிலும் அம்மா இப்படித்தானே வளைவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்திருப்பாள்... அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.