கோயில் பாதையும் தார் ரோடும்

இரண்டு வருடங்களுக்கு முன், மலையில் புளி உலுக்கும் மாசி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. தார் ரோட்டுக்காக நாங்கள் அலையாத அலைச்சல் இல்லை. கடைசியில் கைக்குழந்தைகளோடு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, ரோடு எங்கள் உரிமை என்று தொண்டை கிழியக் கத்தித்தான் வாங்கினோம்.

ரோடு வந்ததும் டிராக்டர் நிலத்தில் இறங்க வசதியாக, ஆளாளுக்கு ஓரத்துக் கால்வாயில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். அடியில் ஒரு குழாய் பதித்திருந்தாலாவது தண்ணீர் போயிருக்கும். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. ஐப்பசி மழைத் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடியது.

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கோயில் பாதையைச் சரிசெய்வது வழக்கம். வராத வீடே கிடையாது. அதேபோல ஒருநாள் கால்வாயையும் தோண்டிவிடலாமே என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். என் கணவருக்கு அண்ணன் முறையாகும் பங்காளி ஒருவர்தான் பதில் சொன்னார்.

"கோயிலு நம்மளுது. ரோடு கவர்மெண்ட்டுது. நமக்கின்னா வந்துச்சு?"

நானும் என் கணவரும் எங்கள் நிலத்தை ஒட்டிய கால்வாயை மட்டும் தோண்டினோம். மேலும் கீழும் அடைத்துக் கிடக்கும்போது அதனால் என்ன பயன்? கார்த்திகை மழை ரோட்டை அரித்து, வழியில் பெரும் பள்ளத்தை உண்டாக்கிவிட்டது.

மாசியில் என் கணவர் புளியமரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. ஆம்புலன்ஸ் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. போர்வையைக் கம்பில் கட்டி, அதில் அவரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் அந்தப் பங்காளிதான். வழியெல்லாம், ஒழுங்காக ஒரு ரோடு போடத் துப்பில்லாத அரசாங்கம் என்று திட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் புருஷனைச் சுமப்பவரிடம் என்ன பேச முடியும்?

குலுங்கக் குலுங்கத் தூக்கி வந்ததில் முதுகெலும்பில் பட்ட அடி மோசமாகியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்று படுத்தவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

போன மாதம் அந்தப் பங்காளி வீட்டுக்கு வந்தார். புது ரோடு கேட்டு மறுபடியும் போராட்டமாம்.

"தம்பிய தூக்கினு போயி ஆபீசு முன்னால படுக்க வச்சா, ரோடு தானா வரும்மா" என்றார்.

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் கால்வாயில் கொட்டிய மண்ணை எடுங்கள் மாமா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரோடு எங்கள் உரிமைதான், கேட்டால் மறுபடியும் வரும். ஆனால் என் கணவரைப் படுக்கையில் புரட்டிப் போடும் ஒவ்வொரு முறையும், அவரை முடக்கியது அரசாங்கமா, எங்கள் ஊரா என்ற கேள்விக்கு, நான் சொல்ல விரும்பாத பதில்தான் வருகிறது.