வெறும் வானத்தின் மேல் ஒரு சத்தியம்

ஃபவ்வாஸ் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிறவன். அம்மானில் எங்கள் மலையில் இருக்கிற வீடுகளில் பாதிக்கு அவன்தான் ஜன்னல் மாட்டினான். உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாது. கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே குடிப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுக்கிற மெஷினிலிருந்து ஒரு சில்லு தெறித்து இடது கண் போனது. கண்ணாடிக் கண் வைத்து அனுப்பினார்கள். புறா விடுவதை இதோடு நிறுத்திவிடுவான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மாடி ஏறிவிட்டான்.

நானும் புறாக்காரன்தான். அவன் மாடிக்கும் என் மாடிக்கும் நடுவில் ஒரு சந்துதான். மற்றவர்களோடு எங்களுக்குப் போர், அதாவது எவன் மாடியில் இறங்குகிறதோ புறா அவனுக்கு. எங்கள் இருவருக்குள் மட்டும் சமாதானம். அவனுடையது என்னிடம் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவனும் அப்படித்தான். புறாக்காரன் சாட்சி கோர்ட்டில் எடுபடாது என்று ஊரில் சொல்வார்கள். பொய்யன் என்று அர்த்தம். அதனால் எங்களுக்குள் வார்த்தைதான் எல்லாம்.

தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டு கூட்டம் வானத்தில் கலந்துவிட்டால் தலைப்புறாவின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் கூட்டமே கைவிட்டுப் போகும்.

போன ஏப்ரல் மாதம் ஒருநாள் பிற்பகல், அஸர் தொழுகை முடிந்த நேரம், எங்கள் கூட்டங்கள் கலந்தன. ஃபவ்வாஸ் கம்பில் கட்டிய கறுப்புத் துணியை ஆட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான். அவன் மனைவி இன்திஸார் அதே மாடியில் புதினா காயவைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய பழுப்பு இறக்கைப் பெட்டை கூட்டத்தைவிட்டு விலகி, வலது பக்கமாகத் தனியே பறந்தது. கூட்டம் திரும்பினால் அதுவும் திரும்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஃபவ்வாஸ், பழுப்பு தனியா போகுது பாரு. வலது பக்கம்."

அவன் தலைப்புறாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. வானம்தான் இருக்கு."

"யோவ், எனக்குத் தெரியுதுய்யா."

"எனக்கும்தான் தெரியுது. நீ இறக்கிட்ட. கூண்டுல போட்டு மூடிட்டு எனக்கு வானத்தைக் காட்டுற."

பதினெட்டு வருஷச் சமாதானம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு என்னைத் திருடன்ங்கிறியா?"

அவனைக் குத்தியது அந்த ஒற்றைக் கண்தான். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "அங்க ஒரு பறவை இருந்தா என் பொண்டாட்டிக்குத் தலாக். இது சத்தியம்."

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு இது கெட்ட பழக்கம். விருந்தாளியை இன்னொரு வாய் சாப்பிடவைக்கக்கூடத் தலாக் மேல் சத்தியம் செய்வார்கள். ஆனால் இன்திஸார் அப்போது அண்ணாந்து அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, அவன் காலடியில் இருந்த கூண்டின் மேலேயே வந்து இறங்கியது. பக்கத்து மாடிகளில் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவள் கையில் ஒட்டியிருந்த புதினாவைத் தட்டிவிட்டுக் கீழே போனாள். சாயங்காலத்துக்குள் ஸர்க்காவில் இருக்கும் அண்ணன் மஷ்ஹூர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். சத்தியம் பலித்துத் தலாக் ஆகிவிட்டதா என்று தெரியும்வரை ஒரே வீட்டில் எப்படி இருப்பாள்?

அதிலிருந்து ஃபவ்வாஸுக்கு நிலைகொள்ளவில்லை. பட்டறையைத் திறப்பான், பூட்டுவான். மாடிப்படியில் ஏறுவான், பாதியில் இறங்குவான். மூன்றாம் நாள் என் வாசலில் வந்து நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"அபூ தைசீர், நான் அங்க பார்த்தேன்யா. நீல வானம். ஓட்டை இல்ல, இருட்டு இல்ல. வானம். அந்தப் பறவை எங்கிருந்து வந்துச்சு?"

"என்னைக் கேக்காத. கண் டாக்டரைக் கேளு."

"இந்தக் கண்ணும் போகுதோ?"

இப்படிக் கேட்டவனை என்ன செய்வது? என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்றாள். அவனுக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. நல்ல கண் என்றால் அவன் பொய்யன்.

நடந்ததைச் சொன்னோம். அவள் மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு சிலுவைக்குறியும், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வலப்பக்கம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளியும் போட்டாள்.

"குறியை மட்டும் பாருங்க. சீட்டை மெதுவா முகத்துக்கிட்ட கொண்டு வாங்க. இடது கண்ணை மூடிக்கணும்."

"எனக்கு மூட வேண்டியதில்ல."

சீட்டு முழங்கை தூரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான இடத்துக்கு வந்தபோது அவன் கை நின்றது. முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான். "புள்ளி போயிடுச்சு. பேப்பர் இருக்கு, புள்ளி இல்ல."

"கண்ணுல இருந்து நரம்பு வெளிய போற இடம் அது. அங்க பார்வை கிடையாது. எல்லாருக்கும் இருக்கு. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கும். உங்களுக்கு இன்னொண்ணு இல்ல. அந்த இடத்துல சுத்தி என்ன இருக்கோ, அதையே மூளை போட்டு நிரப்பிடும்."

"வானமா இருந்தா வானத்தைப் போடுமா?"

"போடும்."

நானும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். போய்விட்டது. நாற்பத்தாறு வயதில், இத்தனை நாள் முகத்தில் ஓட்டையோடு திரிந்திருக்கிறேன்.

வெள்ளி, சனி விடுமுறை கழிந்து ஞாயிற்றுக்கிழமை மார்க்கத் தீர்ப்பு சொல்லும் அலுவலகத்துக்குப் போனோம். இன்திஸாரும் அண்ணனோடு வந்திருந்தாள். மஷ்ஹூர் எடுத்தவுடன் ஆரம்பித்தான்: "ஷேக், இவன் புறாக்காரன். தப்பிக்கறதுக்கு இப்ப கண்ணு கதை சொல்றான்."

ஷேக் சீட்டை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, மூன்று தடவை செய்து பார்த்தார். சீட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"சத்தியம் பண்ணும்போது பறவை இல்லன்னு நிச்சயமா நம்புனியா?"

"நம்பினேன்."

என்னைப் பார்த்தார். "உங்களைத்தானே திருடன்னான்? நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு வார்த்தையில் அவன் குடும்பத்தை உடைத்திருக்கலாம். என் மனசு ஆறவும் இல்லை. "வாய் கெட்டவன்தான், ஷேக். ஆனா அன்னைக்கு அவன் பார்த்தது வெறும் வானம். நானும் அந்தச் சீட்டைப் பார்த்துட்டேன்."

"உண்மைன்னு நம்பிச் சொன்னது தலாக் ஆகாது. உங்க நிக்காஹ் அப்படியே இருக்கு."

ஃபவ்வாஸ் எழுந்துவிட்டான். இன்திஸார் எழவில்லை.

"ஷேக் சொன்னது சரி. பறவை தெரியல, ஒத்துக்கிறேன். நான் நாலடி தள்ளி நின்னேனே. தலாக்னு கத்தும்போது நானும் தெரியலையா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "எந்தப் பக்கம் நின்ன?"

மஷ்ஹூர் தலையில் அடித்துக்கொண்டான். ஷேக் தாடியைத் தடவுவதுபோல் வாயை மறைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"இடது பக்கம், கண்ணே இல்லாத பக்கம்," என்றாள். "வீட்டுக்கு வரேன். ஆனா ஒண்ணு. இனிமே எதையும் இல்லன்னு சொல்றதுக்கு முன்னால ரெண்டு கண்ணு இருக்கறவங்க யாரையாவது கேக்கணும். சத்தியம்ங்கற பேச்சே கூடாது. சரின்னு வாயால சொல்லுங்க."

"சரி" என்றான். அதற்கு மேல் ஒரு சத்தியமும் வரவில்லை.

இப்போதும் தினமும் புறா விடுகிறான். கூட்டங்கள் கலக்கும்போது தலைப்புறாவைப் பார்த்தபடியே, "வலது பக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பான். முதலில் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இன்திஸார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், மடியில் வறுத்த பூசணி விதை. அவன் கேட்பான். அவள் ஒரு விதையை உடைத்து, பருப்பை மென்று, தோலைத் துப்புவாள். இன்னொன்றை எடுப்பாள். அவன் கால் மாற்றிக் கால் மாற்றித் தரையை மிதித்தபடி, தலையைத் திருப்பவும் முடியாமல், அவள் வாயைத் திறக்கும்வரை நிற்பான்.