சுப்பையன் முடித்துக்கொடுத்த பூங்கா

என் அண்ணன் சென்னிமலை கெட்டவனாக இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம். வாய் நிறையத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அண்ணி சாரதாமணி சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்பே படம் வரைவாள். மல்லசமுத்திரத்துக்கு வாழ வந்த பிறகு எங்கே வரைவது? லாரிக்காரன் வீட்டில் அடுப்பு அணைந்தால்தானே! எழுபத்தெட்டில் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, காலையில் சேலத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாள். தூங்குமூஞ்சி மரங்கள், குளம், பெஞ்சில் நாலு பேர். படம் முடிந்த அன்றுதான் குழந்தைக்குக் காய்ச்சலென்று ஓடிவந்தாள். கோடே கிடையாது. கிட்டத்தில் பார்த்தால் வெறும் வண்ணத் திட்டுகள். வாசற்படிக்குப் போய்த் திரும்பினால் இலைகளுக்கு நடுவே வெயில் இறங்கும். வருகிறவர்களிடமெல்லாம், "தள்ளி நின்னு பாருங்க" என்பாள்.

மெட்ராஸ் கண்காட்சி ஒன்றுக்கு அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான். தன் லாரியிலேயே கொண்டுபோவதாக அண்ணன் சொன்னான்.

அதற்குப் பெட்டி அடிக்க, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் படத்தை எடுத்துப்போனான். அங்கே பெயிண்டர் சுப்பையன். லாரிப் பலகைகளில் மலையும் சூரியனும் அன்னமும் வரைகிறவன்.

சாயங்காலம் அண்ணன் கொண்டுவந்து பிரித்தான். மரங்களுக்கெல்லாம் கறுப்புக் கோடு. இலை இலையாகப் பச்சை எனாமல். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கண், மூக்கு, மீசை. குளத்தில் இரண்டு அன்னம். கீழே நிழல் விட்ட கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

"கொழந்தைக்குக் காச்சல்னு பாதில உட்டுட்டு வந்துட்டயில்ல அம்மிணி? மெட்ராசுக்காரன் சிரிச்சிருவான்னு சுப்பையன உட்டு முடிச்சுட்டேன். சோத்துக்குக்கூடப் போகாம வரஞ்சான்."

அண்ணன் முகத்தில் அத்தனை பெருமை. அண்ணி படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க."

அண்ணி பின்னாலேயே போனேன். அடுக்களையில் கேட்டேன்: "மண்ணெண்ணெய்ல தொடச்சா போகாதுங்களா அண்ணி?"

"அடியில இருக்கறதும் சேந்து வந்துரும், சாமி."

மறுபடி வரையலாமென்று அண்ணி பூங்காவுக்குப் போனால், தண்ணீர்த் தொட்டி கட்ட அந்த மரங்களை வெட்டியிருந்தார்கள்.

"மெட்ராசுக்கு வேண்டாங்க. நம்ம ஊட்லயே இருக்கட்டும்" என்றாள். அண்ணனுக்கு இன்னும் சந்தோஷம். கூடத்தில் மாட்டினான். வருகிறவர்கள் கிட்டப் போய் இலையைத் தடவிப் பார்த்து மெச்சுகிறார்கள். அண்ணி காபியை வைத்துவிட்டு நிற்பாள். தள்ளி நின்று பார்க்கும்படி இப்போது யாரிடமும் சொல்வதில்லை.